அந்தப் பாதி எங்கிருந்து வந்தது?

பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார்களின் இயற்பியல் புத்தகத்தில், புள்ளி மின்னூட்டங்களின் நிலையாற்றலைக் கணக்கிடும் பகுதி ஒன்று உண்டு. "அதையெல்லாம் புரிந்துகொள்ள முயலாதீர்கள், நெட்டுருப் போடுங்கள், மதிப்பெண் தானாக வரும்" என்று எங்களுக்கு இப்போதே புத்தி சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதை ஏற்க மாட்டோம். அடுத்த ஆண்டு எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள். பொருள் தெரியாத சூத்திரத்துக்குப் பயந்து இயற்பியலை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

உண்மையில் இந்தக் கணக்கு அவ்வளவு கடினமா? மின்னூட்டங்களுக்கு இடையிலுள்ள விசையை 1785-இல் பிரெஞ்சு அறிஞர் கூலும் முறுக்குத் தராசினால் அளந்து காட்டினார். அவ்விதியிலிருந்து பிறந்ததே இந்த ஆற்றல். இரு மின்னூட்டங்களைப் பெருக்கி, இடைத்தூரத்தால் வகுத்து, 9×10⁹ ஆல் பெருக்கினால் விடை ஜூலில் கிடைக்கும்.

இனி, 1 மீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று முனைகளிலும் ஒவ்வொரு மைக்ரோகூலும் நேர் மின்னூட்டம் வைக்க வேண்டும். முதலாவதைக் கொண்டுவர வேலையே இல்லை. எதிர்க்க அங்கே யாருமில்லையே! இரண்டாவதை வெகு தொலைவிலிருந்து கொண்டுவர 0.009 ஜூல் வேண்டும். மூன்றாவதை இருவர் சேர்ந்து தள்ளுகிறார்கள், ஆகவே 0.018. மொத்தம் 0.027 ஜூல். எதை முதலில் வைத்தாலும் மொத்தம் மாறாது.

இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு மின்னூட்டத்தையும், மற்றவற்றால் அவ்விடத்தில் ஏற்படும் மின்னழுத்தத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். ஏன் பாதி? "சூத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்பது ஒரு பதிலா? இரு தோழியரின் நட்பை ஒருத்தியின் ஏட்டில் ஒரு முறையும் மற்றவளின் ஏட்டில் ஒரு முறையும் எழுதிவிட்டால் நட்பு இரண்டாகிவிடுமா? நிலையாற்றலும் அப்படித்தான்; அது தனி மின்னூட்டத்துக்குச் சொந்தமன்று, இணைக்குச் சொந்தம். இரு முறை எண்ணியதைத்தான் பாதியாக்குகிறோம். இந்த ஒரு வாக்கியத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் நெட்டுருவுக்கு என்ன வேலை?

கழித்தல் குறியும் பலரை மிரட்டுகிறது. அம்முக்கோணத்தில் ஒன்றை மட்டும் எதிர் மின்னூட்டமாக மாற்றினால் மொத்தம் −0.009 ஜூல் ஆகிறது. அதாவது, அம்மூன்றையும் வெகு தூரத்துக்குப் பிரித்தனுப்ப நாம் ஆற்றல் கொடுத்தாக வேண்டும். நம் வீட்டு உப்புக்கல்லும் இதே கணக்கில்தான் நிற்கிறது. அதில் சோடியம் நேர் அயனியும் குளோரின் எதிர் அயனியும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. இவ்வாறு ஒழுங்காக அடுக்கிய புள்ளி மின்னூட்டங்களின் கணக்கை மாடெலுங் என்ற ஜெர்மானியர் 1918-இல் போட்டுக் காட்டினார். கூட்டுத்தொகை எதிர்க்குறியில் வருவதால்தான் உப்பு உதிர்ந்து போகாமல் இருக்கிறது. அதை உருக்க ஏறத்தாழ 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டியிருக்கிறது. சமையலறையில் தினமும் கையாளும் பொருளைப் பற்றிய பாடத்தைப் பெண் பிள்ளைகளுக்குக் கடினம் என்று சொல்வது வேடிக்கைதான்!

மதிப்பெண் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பெற்றோரின் கவலை எங்களுக்குத் தெரியும். ஆனால் மூன்று மின்னூட்டங்களுக்கு நெட்டுருப் போட்டவள், வினாத்தாளில் நான்கு வந்தால் என்ன செய்வாள்? ஆகவே சிஸ்டர்களிடமும் ஆசிரியைகளிடமும் நாங்கள் கேட்பது இதுதான்: சூத்திரத்தை எழுதுமுன் ஒரு பாடவேளை, கரும்பலகையில் மின்னூட்டங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துக் காட்டுங்கள்.

தோழியரே, 1 மீட்டர் சதுரத்தின் நான்கு முனைகளிலும் ஒவ்வொரு மைக்ரோகூலும் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். பக்கங்கள் நான்கு, மூலைவிட்டங்கள் இரண்டு, ஆக இணைகள் ஆறு. விடை சுமார் 0.0487 ஜூல் வர வேண்டும்.