டாப்ளர் ஸ்கேனில் நோயாளி கேட்டறிய வேண்டியது

ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் கண்டு வைத்தியரிடம் போகிறவருக்கு, டாப்ளர் ஸ்கேன் எடுத்து வரும்படி ஒரு சீட்டு எழுதித் தரப்படுகிறதேயன்றி, அந்தப் பரிசோதனையில் என்ன நடக்கும், அதற்கு எவ்வளவு அவகாசம் வேண்டும் என்ற விவரங்களை எடுத்துரைப்பார் அநேகமாக ஒருவரும் இல்லை. ஊசியும் கதிர்வீச்சும் இல்லாத பரிசோதனைதானே, விளக்கம் எதற்கு என்று ஸ்கேன் நிலையத்தார் நினைக்கக்கூடும். ஆனால் அதன் பிரயோஜனம் பெரும்பாலும் செய்பவரின் நிதானத்தைப் பொறுத்ததாகையால், நடப்பது இன்னதென்று நோயாளியும் அறிந்திருப்பது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய பௌதிக சாஸ்திரி நட்சத்திரங்களின் நிறத்தைக் குறித்து 1842-ஆம் ஆண்டில் எழுதியபோது வகுத்த தத்துவமே, ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியலையின் மாறுதலைக் கொண்டு அதன் வேகத்தையும் திசையையும் கணிக்க இன்று உதவுகிறது. திரையில் தோன்றும் சிவப்பும் நீலமும் அந்தத் திசையைக் காட்டுவனவே. நீலத்தைக் கண்டு, ரத்தம் கெட்டுவிட்டதோ என்று கலங்குவது வீண்.

காலின் சிரைகளைச் சோதிப்பவர், குளிர்ந்த ஜெல்லைத் தடவி, தொடையிடுக்கிலிருந்து கெண்டைக்கால் வரையில் சிறிது சிறிதாக இறங்கி, ஒவ்வோரிடத்திலும் கருவியை அழுத்திப் பார்க்கிறார். ஆரோக்கியமான சிரை அந்த அழுத்தத்தில் தட்டையாகி மறையும். ரத்தக்கட்டி அடைத்த சிரையோ மசியாமல் நிற்கும். இடையிடையே அவர் கெண்டைச் சதையைப் பிடித்து அழுத்துவதும், மேல்நோக்கி விரையும் ரத்தத்தின் ஓசை கருவியில் ‘குப்’பென்று எழுவதும் சகஜம். நரம்புச் சுருட்டலுக்கான சோதனையில் எழுந்து நிற்கச் சொல்வார்கள். வயிற்று நாளங்களைப் பார்ப்பதானால் சில மணி நேரம் பட்டினி இருக்கும்படி சொல்வது வழக்கம். கழுத்துக்கும் காலுக்கும் அது வேண்டியதில்லை.

இவ்வளவையும் செவ்வனே செய்ய அரைமணி நேரம் பிடிப்பதுண்டு. வெளியே காத்திருக்கும் கூட்டத்தை உத்தேசித்து அவசரமாக முடித்து, ‘கட்டி இல்லை’ என்று ஒற்றை வரி எழுதியனுப்புவது, கண்ணுக்குத் தப்பிய கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடக்கூடிய அபாயத்தை நோக்க, பெரிய அநீதியாகும். தொடையையும் முழங்கால் மடிப்பையும் மட்டும் பார்த்து நிறுத்துவதும் வைத்திய முறையில் உள்ளதே; ஆனால் அப்படிச் செய்தபின் சந்தேகம் நீடித்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் அதே முறையின் பகுதி. ஆகவே, எதுவரை பார்க்கப்பட்டது என்பதை அறிக்கையில் தெளிவாக எழுதித் தருவதை ஸ்கேன் நிலையங்கள் நியமமாகக் கொள்ள வேண்டும்; எழுதப்படாவிடில், “கெண்டைக்காலையும் பார்த்தீர்களா?” என்று கேட்டறிய நோயாளி கூச்சப்பட வேண்டியதில்லை.