குளிர்காலப் பயணமும் தொழிற்சாலை டயரும்



குர்ஆனின் 106-ஆவது அத்தியாயமான ஸூரா குறைஷை நம் வீட்டுப் பிள்ளைகள் மக்தபில் சேர்ந்த சில மாதங்களிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். குறைஷியரின் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் அதிலே பேசப்படுகின்றன. குளிர்காலத்தில் அவர்களது வணிகக் கூட்டம் தெற்கே யமன் நாட்டிற்கும், கோடையில் வடக்கே ஷாம் தேசத்திற்கும் சென்றதாக முஃபஸ்ஸிர்கள் விளக்கம் தருகின்றனர். குளிர் வந்தால் வெதுவெதுப்பான திசை; வெயில் வந்தால் குளிர்ந்த திசை. பருவமறிந்து பாதையை மாற்றிக் கொள்ளும் வசதி அவர்களுக்கு இருந்தது. பிழைப்பு நாடி வடநாடுகளுக்குச் சென்றிருக்கும் நம் இளைஞர்களுக்கு அவ்வசதி இல்லை. ஜனவரி பிறந்துவிட்டது என்பதற்காக டொரொண்டோ நகரத்துப் பார்சலை யமனுக்கு ஓட்டிச் செல்ல முடியாது. பாதை மாறாதபோது, வாகனத்தின் பாதத்தைத்தான் மாற்றியாக வேண்டும்.

இவ்விஷயத்தை இம்மாதம் எழுதத் தூண்டியது வாசகச் சகோதரி ஒருவரின் கடிதம். அவருடைய மகன் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சொந்தமாக ஒரு வேன் வாங்கி, வீடு வீடாகப் பார்சல் விநியோகம் செய்து வருகிறார். வேன் புதியது, தவணை ஓடிக் கொண்டிருக்கிறது. குளிர்காலத்திற்கென்று தனியாக நான்கு டயர்கள் வாங்க வேண்டும் என்று மகன் தொலைபேசியில் கூற, 'தொழிற்சாலையில் பூட்டிக் கொடுத்த டயரில் பட்டன்கூடத் தேயவில்லை, அதற்குள் இன்னொரு செட்டா?' என்று தகப்பனார் கேட்டிருக்கிறார். மகனும், 'சரி வாப்பா, இந்த ஆண்டு போகட்டும், அந்தப் பணத்தைத் தங்கையின் நிக்காஹ் செலவுக்கு அனுப்பிவிடுகிறேன்' என்று கூறிவிட்டாராம். தாய் மனம் கேட்கவில்லை. 'என் கணவர் கூறுவது சரிதானா?' என்பது அவரது கேள்வி.

தகப்பனாரின் வாதம் நம் மண்ணுக்கு முற்றிலும் சரியானதே. சித்திரை வெயிலுக்கு ஒரு டயர், மார்கழிப் பனிக்கு ஒரு டயர் என்று இங்கே எவரும் வாங்குவதில்லை. இங்கே டயருக்குப் புதியது, பழையது என்ற இரண்டு நிலைகள்தாம் உண்டு. உறைபனி பெய்யும் நாட்டில் மூன்றாவதாக ஒரு கேள்வி எழுகிறது: இந்த டயரின் ரப்பர் எந்தக் குளிர்வரை ரப்பராகவே இருக்கும்?

விஞ்ஞானம் பயிலாத எனக்கே விளங்குமளவு எளிய விஷயம் இது. ரப்பர் சாலையைப் பிடிப்பது, அது இளகி, சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமுங்குவதால். குளிர் ஏற ஏற ரப்பர் விறைக்கிறது. மிகவும் குளிர்ந்தால் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. கோடை டயரின் கலவை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போதே விறைப்படையத் தொடங்கிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரின் கலவையோ பூஜ்ஜியத்திற்கு வெகு கீழேயும் இளக்கமாக இருக்குமாறு தயாரிக்கப்படுகிறது. அதன் பட்டன்களின் மேல் கத்தியால் கீறியதுபோல் எண்ணற்ற மெல்லிய கீறல்களும் இருக்கும். அக்கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. 1934-ஆம் ஆண்டு லாரிகளுக்கான முதல் குளிர்கால டயரையும், 1936-இல் கார்களுக்கான 'ஹக்கபெலீட்டா' டயரையும் செய்து வெளியிட்டது பின்லாந்து நாட்டின் ஒரு ரப்பர் தொழிற்சாலை. நோக்கியன் என்ற பெயரில் இன்றும் அது டயர் செய்து வருகிறது. ஆக, இது நேற்று முளைத்த விற்பனைத் தந்திரம் என்று எவரும் கூற இயலாது.

அப்படியாயின் தொழிற்சாலை ஏன் அந்த டயரையே பூட்டித் தருவதில்லை? வட அமெரிக்காவில் விற்கும் ஃபோர்டு டிரான்சிட் வேன்கள் மிசௌரி மாநிலத்தில் கான்சாஸ் நகரை ஒட்டிய ஆலையில் உருவாகின்றன. ராம் புரோமாஸ்டர் வேன்கள் மெக்சிகோவின் சால்தியோ நகரில் உருவாகின்றன. அங்கிருந்து ஒரு வேன் பனியையே காணாத ஃபுளோரிடாவிற்குப் போகும். மற்றொன்று ஒண்டாரியோவிற்குப் போகும். இரண்டிற்கும் பொதுவாக 'ஆல் சீசன்' எனப்படும் எல்லாப் பருவ டயரே பூட்டப்படுகிறது. எரிபொருள் குறைவாகச் செலவாக வேண்டும், இரைச்சல் எழக்கூடாது, விரைவில் தேயக்கூடாது, முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும், விலையும் கட்டுப்பட வேண்டும் என்பன ஆலையினர் முன்னுள்ள கணக்குகள். நவம்பர் மழைக்கும், சாலையில் உப்புத் தூவி உடனுக்குடன் பனியகற்றும் பெருநகர் நெடுஞ்சாலைக்கும் அந்த டயர் ஓரளவு போதும். அதைக் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் பார்சல் வண்டி நெடுஞ்சாலையோடு நின்றுவிடுவதில்லையே! பனி வாரும் இயந்திரம் கடைசியாக வந்து சேரும் குறுக்குத் தெருக்களிலும், சரிவான வாசல்களிலும் நாளொன்றுக்கு நூறு முறை நின்று புறப்படுவதல்லவா அதன் தொழில்!

டயரின் பக்கவாட்டில் உள்ள முத்திரைகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கடைக்காரர் பேச்சில் மயங்காமலிருக்க இதுவே வழி. ஆல் சீசன் டயர்களில் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது. அதைப் பொறிக்கப் பனியில் ஓட்டிக் காட்ட வேண்டுமென்ற கட்டாயமில்லை. பட்டன்களின் அமைப்பும் இடைவெளியும் இன்ன விதமாக இருந்தால் போதும். தயாரிப்பாளர் தாமே பொறித்துக் கொள்ளலாம். மற்றொரு முத்திரை, மூன்று சிகரங்களுள்ள மலையின் நடுவே ஒரு பனித்துளிப் பூ. வட அமெரிக்காவில் 1999 முதல் வழக்கிலுள்ள இம்முத்திரையைப் பெற, அழுந்திய பனியில் ஓர் ஒப்பீட்டு டயருடன் நிறுத்திச் சோதித்து, அதைவிட வரையறுக்கப்பட்ட அளவு கூடுதலான பிடிப்பைக் காட்டியாக வேண்டும். வாதி தன் வாய்மொழியை மட்டும் கொண்டுவந்தால் காழி தீர்ப்பளிப்பதில்லை; சாட்சி கேட்பார். முதல் முத்திரை வாதியின் கூற்று. இரண்டாவது முத்திரைக்குச் சாட்சி உண்டு. ஜெர்மனியில் 2018-ஆம் ஆண்டு முதல் தயாரான டயர்களுக்கு மலைச்சிகர முத்திரையின்றிக் குளிர்கால டயர் என்ற தகுதி கிடையாது. அதற்கு முன் தயாரான எம் பிளஸ் எஸ் டயர்களுக்கு அளித்திருந்த சலுகையும் 2024 செப்டம்பருடன் முடிந்துவிட்டது. அந்தச் சாட்சிக்கும் எல்லையுண்டு என்பதை மறைக்கலாகாது. வட அமெரிக்கச் சோதனை பனியில் வாகனத்தை முன்னோக்கி இழுக்கும் திறனை அளக்கிறது. பனிக்கட்டியில் எங்கே நிற்கும் என்பதை அளப்பதில்லை.

உயிர் சம்பந்தப்பட்டது நிற்பதில்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 15 மீட்டரில் நின்றுவிடும். அழுந்திய பனியில் உராய்வின் அளவு 0.2 எனக் கொண்டால் அதே வாகனம் நிற்க 50 மீட்டர் வேண்டும். நல்ல டயரால் அந்த உராய்வு 0.3 ஆக உயருமாயின் 33 மீட்டர் போதும். இடையிலுள்ள 17 மீட்டர் ஏறக்குறைய மூன்று வேன்களின் நீளம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் கோடு அந்த மூன்று வேன் தூரத்திற்குள் இருந்தால் என்னவாகும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

வேனுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. காலையில் பாரத்தோடு கிளம்பும் வண்டி மாலையில் வெறும் கூடாகத் திரும்புகிறது. பின்சக்கரம் இழுக்கும் வண்டியாயின், காலியான நிலையில் பின்பக்கம் கனமின்றிச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் பாரத்தையெல்லாம் பின்கோடியில் அடுக்கினால் முன்பக்கம் இலேசாகிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்போர் தமக்குக் குளிர்கால டயர் தேவையில்லை என்று எண்ணுகின்றனர். நான்கு சக்கர இழுப்பு கிளம்பத்தான் உதவும். நிறுத்துவதற்கு அதனால் ஒரு பயனுமில்லை. செலவை மிச்சப்படுத்த இரண்டு டயர் மட்டும் மாற்றுவது இன்னும் ஆபத்தானது. முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரமாகத் திரும்பிவிடும். நான்கையும் ஒரே வகையாகப் பூட்ட வேண்டும் என்பதே கனடா அரசின் போக்குவரத்துத் துறை கூறும் அறிவுரை. பட்டன் உயரம் 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்த டயரைப் பனிச் சாலையில் பயன்படுத்தலாகாது என்றும் அத்துறை கூறுகிறது. ஆகவே இன்று புதிதாக இருக்கும் அதே ஆல் சீசன் டயர், இரண்டு ஆண்டு பார்சல் ஓட்டத்திற்குப் பின் இன்னும் மோசமான நிலையில் இருக்கும்.

அண்டை மாகாணமான கியூபெக்கில் இந்த விவாதத்திற்கே இடமில்லை. அங்குப் பதிவான கார், வேன்களுக்கு 2008 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். 2019 முதல் டிசம்பர் 1-ஆம் தேதிக்குள் பூட்டியாக வேண்டும். மார்ச் 15 வரை கழற்றலாகாது. ஒண்டாரியோவில் அத்தகைய கட்டாயமில்லை. சட்டம் வற்புறுத்தாததை மார்க்கமும் வற்புறுத்தாது என்று எண்ணிவிடக் கூடாது. 1993-ஆம் ஆண்டு ஜூன் மாதம் புரூனை நாட்டில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, சாலை விபத்துகள் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. போக்குவரத்து விதிகளைப் பேணுவது ஷரீஅத்தின் பார்வையிலும் கடமை என்றும், வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்கிற்கு ஓட்டுநரே பொறுப்பு என்றும் அது கூறிற்று. தடுத்துக் கொள்ளவே இயலாத காரணம் குறுக்கிட்டால் மட்டும் விலக்குண்டு. பாதிக்கப்பட்டவரோ மூன்றாமவரோ காரணமாக இருந்தாலும் விலக்குண்டு. ஆண்டுதோறும் நாள் தவறாமல் வரும் பனியைத் தடுத்துக் கொள்ள இயலாத காரணம் என்று எந்த முஃப்தியிடம் போய்ச் சொல்ல முடியும்? தவக்குல் என்ற சொல்லை இவ்விடத்தில் கேடயமாக்குவோரும் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அவர்களும் அறிந்தே இருக்கிறார்கள்.

இனி, பணத்தின் கணக்கு. தங்கையின் நிக்காஹிற்கு அனுப்ப நினைக்கும் அண்ணனின் மனம் உயர்ந்தது. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக! ஆயினும் தொழிலாளியின் தொழிற்கருவிகளை அவனது அடிப்படைத் தேவையில் சேர்த்து, அவற்றிற்கு ஸகாத் இல்லை என்று ஃபுகஹாக்கள் வகுத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். தச்சனுக்கு உளி போன்றது வேன்காரனுக்கு டயர். அதை வாங்கி எஞ்சுவதே உபரி. மேலும் இச்செலவு தோன்றுவதுபோல் இரட்டிப்புச் செலவன்று. குளிர்கால டயர் ஓடும் மாதங்களில் மற்ற செட் ஓய்வெடுக்கிறது. இரண்டும் நீண்டநாள் வரும். 2016 ஜனவரி முதல் ஒண்டாரியோவின் காப்பீட்டு நிறுவனங்கள் குளிர்கால டயர் பூட்டியோருக்குக் கட்டணச் சலுகை வழங்கியாக வேண்டும் என்ற விதியும் உண்டு. மகன் தம் முகவரிடம் கேட்டுப் பெற வேண்டும். இரண்டு செட் வைக்க இடமில்லாதோருக்கு, ஆண்டு முழுவதும் ஓடக்கூடியதும் மலைச்சிகர முத்திரை பெற்றதுமான 'ஆல் வெதர்' டயர்கள் உள்ளன. ஆல் சீசன், ஆல் வெதர் என்று பெயர்கள் இரட்டைப் பிள்ளைகளைப்போல் இருப்பதால் பலர் ஏமாறுகின்றனர். முத்திரையைப் பார்த்தே வாங்க வேண்டும். கடுங்குளிரில் அசல் குளிர்கால டயருக்கு அது ஈடாகாது என்றாலும், தொழிற்சாலை டயரைவிடப் பனிக்கு மேலானது.

வாங்கும்போது எண்ணைச் சரிபார்க்க வேண்டும். டிரான்சிட் வேனின் டயரில் 235/65 ஆர் 16 சி 121/119 ஆர் என்று இருக்கும். 'சி' என்பது பார வண்டிக்கான வலுவான டயர் என்பதன் அடையாளம். 121 என்பது தனிச் சக்கரமாகப் பூட்டினால் 1,450 கிலோ தாங்கும் என்பதையும், 119 என்பது இரட்டைச் சக்கரமாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 1,360 கிலோ தாங்கும் என்பதையும் குறிக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று இதைவிடக் குறைந்த எண்ணுள்ள கார் டயரைப் பூட்டினால் பாரத்தில் வெடிக்கும். காற்றையும் அடிக்கடி அளக்க வேண்டும். குளிரில் காற்று சுருங்குகிறது. வேன் டயரில் ஏறத்தாழ 6 டிகிரி குறைந்தால் ஒன்றரை பவுண்டு அழுத்தம் இறங்கிவிடும். அக்டோபரில் அடித்த காற்று ஜனவரியில் இராது. வசந்தம் வந்து சாலை வெதுவெதுப்பானதும் கழற்றிவிட வேண்டும். அந்த இளகிய ரப்பர் கோடைச் சாலையில் விரைவாகத் தேய்ந்துபோகும்.

எந்த டயராலும் ஆகாத நாளும் உண்டு. 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொரொண்டோவில் பெய்ததுபோல் மழை விழுந்த மாத்திரத்தில் கண்ணாடியாக உறைந்துவிடும் நாள் அது. ஆணி பதித்த டயர் அந்நிலையில் ஓரளவு உதவும் என்றாலும், தென் ஒண்டாரியோவில் அதற்கு அனுமதியில்லை. அன்று வேனை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். அன்றைய வருமானமும் போகும். சகோதரியே, அந்த நாளில் தங்கள் மகன் தொலைபேசியில் அழைத்தால், 'இன்று ஏன் வேலைக்குப் போகவில்லை?' என்று வீட்டில் எவரும் கேட்க வேண்டாம் என்று கூறிவையுங்கள்.