காய்ந்த பாசியும் கண்திறவாக் கல்வியும்

"செத்த செடியைச் சேர்த்து வைப்பதால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்போர் பெருகிவிட்டனர். பாமரர் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். கல்விக்கூடங்களே அவ்வாறு எண்ணத் தலைப்பட்டால் என் செய்வது? 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட தன் உலர்தாவரக் காப்பகத்தை மூடப்போவதாக அறிவித்தது. பாசிகளுக்கும், ஈரல் போன்ற வடிவில் தரையில் படரும் ஈரலுருத் தாவரங்களுக்கும் பெயர்பெற்ற காப்பகம் அது. இத்தகைய போக்கை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

என் தரப்புச் சான்று, யோகன் ஹெட்விக் (1730-1799) என்னும் மருத்துவர். நோயாளிகளைக் கவனித்தது போக எஞ்சிய நேரத்தில் பாசிகளைத் திரட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அந்நாளில் தாவரவியலுக்குத் தனிப்பெருந் தலைவர் லின்னேயஸ். அவரோ பாசியின் சிதல்விதை உறையை மகரந்தப்பை என்று கருதிவிட்டார். பெரியவர் சொல்லிவிட்டார் என்று ஹெட்விக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆணுறுப்பு வேறு, பெண்ணுறுப்பு வேறு, சிதல்விதை உறை வேறு எனக் கண்டு நிறுவினார். அவர் மறைந்தபின் 1801இல் வெளிவந்த அவருடைய நூலே, ஸ்பேக்னம் வகை நீங்கலாக, பாசிகளின் அறிவியற் பெயர்களுக்குத் தொடக்கம். ஈரலுருத் தாவரங்களுக்கோ லின்னேயசின் 1753ஆம் ஆண்டு நூலே தொடக்கம். ஓரிடத்தில் பிழைபட்டதால் பெரியவர் சிறியவராகிவிடுவதில்லை.

ஹெட்விக்கின் பாசித் தொகுப்பு இன்றும் ஜெனீவாவில் காக்கப்படுகிறது. அவர் சூட்டிய பெயர் எந்தப் பாசிக்கு உரியது என்று ஐயம் எழுந்தால், ஆய்வாளர் அந்த மாதிரிகளையே நாடுகின்றனர்.

"படம் எடுத்து வைத்தால் போதாதா?" என்பர். போதாது. இருநூறாண்டு காய்ந்து கிடந்த பாசியும் நீர் பட்டதும் இலை விரித்து, தன் உயிரணுக்களின் அமைப்பை நுண்ணோக்கிக்குக் காட்டும். படம் அதைச் செய்யுமா? வேரற்ற பாசி, மழையும் காற்றும் கொணர்வதைத் தன்னுள் ஏற்று வாழ்வது. ஆகவேதான் 1960களின் இறுதியில் சுவீடன் ஆய்வாளர்கள் பழைய பாசி மாதிரிகளைச் சோதித்து, காற்றில் ஈயம் பெருகிவந்த வரலாற்றை அறிந்தனர். அவற்றைச் சேர்த்தவர்கள் ஈயத்தை எண்ணியா சேர்த்தார்கள்? நாளைய தலைமுறை எதைக் கேட்கும் என்பதை நாம் அறியோம். அறியாமையால் அழிப்பதைவிட, அறியாததாலேயே காப்பதன்றோ அறிவுடைமை!

ஆசிரியத் தோழர்களே, குற்றம் நம்மிடமும் உண்டு. 'பாசி ஒரு கீழ்நிலைத் தாவரம்' என்று கரும்பலகையில் எழுதுகிறோம், மனனம் செய்விக்கிறோம், புள்ளியும் இடுகிறோம். பள்ளியின் கால்வாய்ச் சுவரில் அது பச்சைப்பசேலென்று நிற்கிறது. ஒரு மாணவனையேனும் அழைத்துச் சென்று காட்டினோமா? காணாததை மதிக்க மாட்டார்கள்; மதியாததைக் காக்கவும் மாட்டார்கள்.

நாளையே மாணவர் ஒரு துண்டுப் பாசியைப் பெயர்த்து, உலர்த்தி, தாளில் மடித்து, இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் எழுதி வைக்கட்டும். காப்பகங்களை மூடுவோரைக் கண்டிக்கும் தகுதி அதன்பின் நமக்கு உண்டாகும்.