முதுகுக்குள்ளே ஒரு போக்குவரத்து

நடவு வயலில் நத்தை ஓடு காலைக் கிழித்தால் ‘ஐயோ’ என்கிறோம். காயம் காலில்தான், ஆனால் வலியை அறிவது மூளை. அந்தச் சேதி முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் வழியாக மேலே ஏறுகிறது. ‘வரப்பில் ஏறு’ என்று மூளை இடும் கட்டளை, அதே தண்டுவடத்தில் வேறு நரம்புகள் வழியாகக் கீழே இறங்குகிறது. நம்ம காவிரி இறங்க மட்டும்தான் செய்யும். சுண்டுவிரல் பருமனே உள்ள தண்டுவடத்திலோ ஏற்றம், இறக்கம் இரண்டும் உண்டு!

தஞ்சைப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவரைக் கை காலைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அம்மா! முறிந்த எலும்பு தண்டுவடத்தை மேலும் நசுக்கிவிடலாம். 108-க்குச் சொல்லிவிட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். தூக்கித்தான் ஆகணும்னா, நாலைந்து பேர் சேர்ந்து, உடம்பு வளையாமல் ஒரே சீராகப் புரட்டிப் பலகையில் கிடத்துங்கள்.

இறங்கும் பாதை அறுந்தால் கால் அசையாது. ஏறும் பாதை அறுந்தால், ஒரே பக்கம் படுத்து உடம்பு நொந்தாலும் தெரியாது. படுக்கைப் புண் வரும். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும்.

எல்லாம் போச்சுன்னு இடிந்துபோக வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-ல் கார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றார். விழுந்தவர் வீட்டுக்குப் போனால், பழத்தோடு இந்தச் சேதியையும் கொண்டுபோங்கள்.