ஆளுக்கு ஒரு நிமிடம்

நாற்பது நிமிட வகுப்பு, நாற்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒரு நிமிடம்தான். அதிலும் பாதி டீச்சருடையது. இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட வாய் திறந்து பேசாமலே உங்கள் மகள் வீடு திரும்பிவிடலாம். ரிப்போர்ட் கார்டில் அது தெரியாது.

கொரோனா இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள். இருபதும் கூட்டம்தான் என்பேன். 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' இன்னும் ஒரு படி போய், மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. வயதைப் பார்த்து அல்ல, எவ்வளவு தெரியும் என்று பார்த்து. ஒரு மொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மொட்டு இருந்தால் பாதி வெட்கம் போய்விடும்.

நம் மதுரைப் பக்கம் தமிழுக்கே இது தேவை. மேலூர், உசிலம்பட்டி வீடுகளில் 'வாளப்பளம்' என்றுதான் பேச்சு (குற்றமில்லை, எனக்கும் அப்படித்தான் வரும்). எழுதும்போதுதான் ழ, ள குழப்பும். நாற்பது பேர் சேர்ந்து ஒப்பிக்கும்போது யார் நாக்கு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் கேட்காது. ஐந்தாறு பேர் என்றால் கேட்கும். திட்ட வேண்டாம், சரியாக ஒருமுறை திருப்பிச் சொன்னால் போதும்.

ஸ்போக்கன் இங்கிலீஷுக்குப் பணம் கட்டுமுன், ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இல்லையென்றால் தெருவில் ஐந்து பிள்ளைகளைச் சேர்த்து, காலேஜ் படிக்கும் அக்கா ஒருத்தியை மாலையில் உட்கார வையுங்கள். எந்தக் கூட்டத்திலும் ஒரு வாயாடி இருக்கும். எல்லாப் பதிலையும் அதுவே சொல்லும். கேள்வி கேட்கும் வேலையை அதனிடம் கொடுத்துவிடுங்கள்.