தேரும் காரும்

ஆடி வெள்ளியில் அரியாங்குப்பத்தைக் கடந்து வீராம்பட்டினம் சென்றிருப்பீர்கள், தோழர்களே! கடற்கரையோரம் மக்கள் வெள்ளம். நடுவிலே செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளிலே கவர்னர் வந்து வடம் பிடித்து இழுத்துத் துவக்கி வைப்பார். ஆட்சி மாறியது, கொடி மாறியது; அந்த வழக்கம் மாறவில்லை. இன்று துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். பக்தி பற்றிய வாதத்தை இந்த ஞாயிறு நான் எழுப்பப் போவதில்லை. அந்தத் தேரிலே எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆள வந்தவன் கையும் வலை வீசுபவன் கையும் அங்கே ஒரே வடத்தைப் பிடிக்கின்றன. ஊரார் செலவு, ஊரார் உழைப்பு, ஊரார் உடைமை. இழுப்பவன் ஒருவன், ஏறி அமர்பவன் வேறொருவன் என்ற பேதம் அங்கே இல்லை.

அதே அரியாங்குப்பத்தில், கடலூர்ச் சாலையிலே, நாள்தோறும் வேறொரு தேர் ஓடுகிறது. கருத்த கண்ணாடி, உள்ளே குளிர், வெளியே வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் நம் தாய்மார்கள். விலை கேட்டால் ஒரு கோடி என்பார்கள். யாருடையது என்று கேட்டால் பதில் வராது. ஏனெனில், ஏறி வருகிறவருக்கே அது சொந்தமன்று, குத்தகை! இக்காலத்து மொழியிலே 'லீஸ்' என்கிறார்கள்.

குத்தகை என்ற சொல்லைக் கேட்டதும் உழவன் நெஞ்சு நடுங்கும். விளைந்தாலும் அளக்க வேண்டும், விளையாவிட்டாலும் அளக்க வேண்டும். அளக்க முடியாவிட்டால் நிலம் போகும், மாடு போகும், மானமும் போகும். அதே சொல்லைக் கேட்டுப் பிரபு புன்னகை புரிகிறார். ஏழையைச் சுட்ட சொல் எவ்வாறு பிரபுவுக்குச் சந்தனமாயிற்று? அதை ஆராய்வோம்.

கல்லூரியைப் பாதியிலே விட்டுவிட்டு மேடைக்கு ஓடி வந்தவன் நான். கணக்கில் புலி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் நாடகம் எழுதத் தெரியும். ஆகவே ஒரு சிறு காட்சி.

பிரபு: கணக்கரே, ஒரு கோடி ரூபாயில் கார் ஒன்று மனத்தைக் கவர்ந்துவிட்டது. வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா?

கணக்கர்: எத்தனை ஆண்டு வைத்திருக்க எண்ணம்?

பிரபு: ஐந்தாண்டு. அதற்குள் அடுத்த வீட்டுக்காரர் புதிது வாங்கிவிடுவாரே!

கணக்கர்: அப்படியானால் கேளுங்கள். முழுத் தொகையும் கடன், வட்டி 9 விழுக்காடு, தவணை 60 மாதம் என்றால், மாதந்தோறும் ஏறத்தாழ 2 இலட்சத்து 7,600 ரூபாய். கட்டி முடிக்கும்போது 1 கோடியே 24 இலட்சத்து 55 ஆயிரம் ஆகியிருக்கும். காப்பீடு, பழுது, டயர் என்று ஆண்டுக்கு 4 இலட்சம் வைத்தால், ஐந்தாண்டில் 20 இலட்சம். பின்னர் 45 இலட்சத்துக்கு விற்றதாகக் கொள்வோம். கழித்துப் பார்த்தால், உங்கள் கையை விட்டுப் போனது 99 இலட்சத்து 55 ஆயிரம்.

பிரபு: குத்தகை?

கணக்கர்: காப்பீடும் பழுதும் சேர்த்து மாதம் 1 இலட்சத்து 75 ஆயிரம் என்றால், 60 மாதத்தில் 1 கோடியே 5 இலட்சம். முடிவில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும்.

பிரபு: இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே!

கணக்கர்: பத்தாண்டு வைத்திருந்தால் ஒன்றல்ல. பின் ஐந்தாண்டில் தவணை இல்லை. பழுதுச் செலவு கூடும். ஆண்டுக்கு 6 இலட்சம் என்று வையுங்கள். கடைசியில் 20 இலட்சத்துக்கு விற்றாலும் பத்தாண்டுச் செலவு 1 கோடியே 54 இலட்சத்து 55 ஆயிரம். குத்தகைக்காரரோ இரு முறை குத்தகை எடுத்து 2 கோடியே 10 இலட்சம் அளந்திருப்பார். 55 இலட்சத்துக்கு மேல் வேறுபாடு!

திரை.

இவை நான் எடுத்துக்காட்டுக்காக வைத்த தொகைகள். காருக்குக் கார், வட்டிக்கு வட்டி மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. நெடுநாள் வைத்திருப்பவனுக்குச் சொந்தம் மலிவு. அடிக்கடி மாற்றுபவனுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே செலவு. ஒன்றை மறவாதீர்கள்: வாங்கிய கணக்கின்படியே பார்த்தாலும், அந்தக் கார் ஓடினாலும் நின்றாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,450 ரூபாயை விழுங்குகிறது. கொட்டகையிலே தூங்கும்போதும் தின்னும் குதிரை அது!

குத்தகைக்காக வாதாடுவோரின் பேச்சையும் கேட்போம். மறைப்பது நம் வழக்கமன்று. "கைப்பணம் முடங்காது, பழுது பார்க்கும் தொல்லை இல்லை, பழைய காரை விற்க அலைய வேண்டாம்" என்கிறார்கள். மெத்தச் சரி. ஆனால் ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தையும் படிக்க வேண்டுமே! இடையில் முறித்தால் தண்டம்; குறித்த தொலைவுக்கு மேல் ஓடினால் தண்டம்; திருப்பித் தரும்போது கீறல் இருந்தால் அதற்கும் தண்டம். இத்தனை இருந்தும் பிரபுக்கள் குத்தகையை நாடுகிறார்களே, ஏன்? கணக்கு அறியாதவர்களா அவர்கள்? அல்லர். கணக்கரின் காட்சிக்கு இரண்டாம் பாகம் உண்டு. அதுதான் வரி.

நிறுவனம் ஒன்று காரை வாங்கினால், ஆண்டுக்கு 15 விழுக்காடு வீதம், குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மீதுதான் தேய்மானம் எழுதலாம். குத்தகைக்கு எடுத்தாலோ, தொழிலுக்கெனக் காட்டிக் கட்டும் வாடகை முழுவதையும் செலவாக எழுதலாம். அது முதற்படி. இரண்டாம் படி இன்னும் விந்தையானது. பெரிய சம்பளக்காரருக்கு நிறுவனம் குத்தகைக்குக் கார் எடுத்துத் தருகிறது. வாடகை சம்பளத்திலிருந்து, வரி விதிக்கப்படுவதற்கு முன்பே, கழிந்துவிடுகிறது. அலுவலுக்கும் சொந்தத்துக்கும் பயன்படும் அந்தக் காரால் அவருக்குக் கிடைத்த சலுகையின் மதிப்பு என்ன? 1.6 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட காராயின், மாதம் 2,400 ரூபாய் என்றே வருமானவரி விதி ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்தது. ஓட்டுநருக்கு 900 தனி. காரின் விலை பத்து இலட்சமா, ஒரு கோடியா என்று விதி கேட்கவில்லை. மாதம் 1 இலட்சத்து 75 ஆயிரம் வாடகை போகும் காரின் சுகம், சட்டத்தின் கண்ணுக்கு 2,400 ரூபாய்!

பெருக்கிப் பாருங்கள். ஆண்டு வாடகை 21 இலட்சம். 30 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவர் அந்தத் தொகையைச் சம்பளமாகப் பெற்றிருந்தால் 6 இலட்சத்து 30 ஆயிரம் வரி கட்டியிருப்பார். 2,400 ரூபாய்க் கணக்கில் ஆண்டுக்கு அவர் கட்டியது 8,640 ரூபாய். மிச்சம் 6 இலட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல். ஐந்தாண்டில் 31 இலட்சம். குத்தகை இனித்ததன் காரணம் இப்போது விளங்குகிறதா? இந்த 31 இலட்சம் காற்றிலே கரைந்துவிடவில்லை. கருவூலத்துக்கு வர வேண்டியது வராமற்போயிற்று. அந்தப் பள்ளத்தை நிரப்புவது யார்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டும் நாம்தான்!

மேலும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி மாற்றியமைக்கப்பட்டது. ஆட்டோவுக்கு இருந்த 28 விழுக்காடு 18 ஆயிற்று, மகிழ்ச்சி. பெரிய சொகுசு வண்டிகளுக்குக் கூடுதல் தீர்வையோடு 50 விழுக்காடு வரை இருந்தது. அதுவும் 40 ஆயிற்று. இரண்டிலும் பத்துப் புள்ளி இறக்கம், சமநீதி என்பார்கள். மூன்று இலட்ச ரூபாய்ப் பொருளில் பத்து விழுக்காடு 30 ஆயிரம்; ஒரு கோடியில் பத்து விழுக்காடு 10 இலட்சம். யானைக்கும் எறும்புக்கும் ஒரே பிடி என்று சொல்லி, பிடியை மட்டும் அவரவர் கையால் அள்ளச் சொன்ன கதை! மின்சாரக் கார் என்றால் ஒரு கோடியாயினும் வரி 5 விழுக்காடுதான். மின்சார ஆட்டோவுக்கும் அதே 5 என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய பெட்ரோல் ஆட்டோவைத்தான் வாங்க முடிந்த ஏழை 18 கட்டுகையில், கோடீசுவரர் 5 கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இனி நம் ஊருக்கு வருவோம். நம் தலை குனிந்த கதைக்கு வருவோம்.

2017. கேரளத்திலே 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி விலையில் 20 விழுக்காடு. கோடி ரூபாய்க் காருக்கு 20 இலட்சம் கட்ட வேண்டும். புதுச்சேரியிலோ விலையோடு ஏறும் விழுக்காடு இல்லை. சிறு தொகையோடு முடிந்துவிடும். விளைவு? கொச்சியில் ஓடும் கார்களுக்குப் புதுவையில் முகவரி முளைத்தது. வாழாத வீட்டில் வாழ்வதாகச் சான்று. குடியிராத தெருவில் குடித்தனம்! திரை நட்சத்திரங்கள், மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் என்று பெயர்கள் ஏடுகளில் வந்தன. கேரளக் காவல்துறை வழக்குப் பதிந்தது; அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி விசாரணைக்கு உத்தரவிட்டார். நடிகர் பகத் பாசில் கேரளத்துக்குரிய வரியைப் பின்னர்ச் செலுத்தினார். யார் குற்றவாளி, யார் நிரபராதி என்பது நீதிமன்றத்தின் வேலை. என் பேனாவின் வேலையன்று. என் கேள்வி நம்மைப் பற்றியது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, நாற்பதாம் பிரிவிலே தெளிவாகச் சொல்கிறது: உரிமையாளர் வாழும் இடம், அல்லது தொழில் நடத்தும் இடம், எங்கே வண்டி வழக்கமாக நிறுத்தப்படுகிறதோ, அங்கேதான் பதிவு. இதை மீறிப் போலி முகவரிக்கு இடங்கொடுத்த தரகன் நம் ஊர்க்காரன். கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்திய கையும் நம் ஊர்க் கை. "வெளியூர்க் காரால் நமக்கு வருமானம் வந்ததே!" என்று வாதிட்டவர்களும் உண்டு. வந்தது எவ்வளவு? அண்டை மாநிலம் இருபது இழக்க, நமக்கு ஒன்றோ இரண்டோ. அதற்கு நாம் கொடுத்த விலை, நம் பெயர்!

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரிலே 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. இன்றோ, தனி மாநிலத் தகுதி கேட்டு டெல்லியின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். உரிமை கேட்பவன் முகவரி நேர்மையாக இருக்க வேண்டாவா? வரி ஏய்ப்போர் தங்கும் சத்திரமாகப் புதுவை இருக்குமானால், நம் கோரிக்கைக்கு மதிப்பேது? வரிவிகிதத்தை விலையோடு இணைத்து, அண்டை மாநிலங்களோடு ஒத்திசைவு காண்பதே உரிமை கோருவோர்க்கு அழகு.

பிறரைச் சுட்டிய விரலை இப்போது நம் பக்கம் திருப்புகிறேன். பொறுத்தருள்க.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரில் கூட்டம். பஸ்ஸில் வந்துவிடுவேன் என்றேன். கேட்கவில்லை. வாசலிலே பளபளக்கும் கார் வந்து நின்றது. முன்னும் பின்னும் இரண்டு வண்டிகள். "அண்ணே, தலைவர் மதிப்போடு வர வேண்டாமா?" என்றான் கிளைச் செயலாளன், இருபத்தைந்து வயதுத் தம்பி. நானும் ஏறினேன். ஏறினேன் என்பதை மறைக்க மாட்டேன். குளிர் இதமாகத்தான் இருந்தது. மேடையிலே ஏழை எளியோர் பற்றி ஒரு மணி நேரம் முழங்கினேன். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. கூட்டம் முடிந்து, அவன் வீட்டில் உணவு. அவன் மனைவி பரிமாறினாள். கழுத்திலே மஞ்சள் கயிறு மட்டும். பிறகுதான் அறிந்தேன், மூன்று கார்களின் வாடகைக்காக அவள் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது.

தோழர்களே, அன்று இரவு நான் உறங்கவில்லை. என் மதிப்பு என் சொல்லில் இருக்கிறதா, வாடகைக்கு வந்த சக்கரத்தில் இருக்கிறதா? பிரபு குத்தகைக் காரில் போனால் வரி மிச்சமாகிறது. நம் தம்பி குத்தகைக் காரில் என்னை அழைத்துப் போனால், அவன் வீட்டு நகை போகிறது. செலவாக எழுத அவனிடம் நிறுவனம் இல்லை. கழித்துக்கொள்ளச் சம்பளமும் இல்லை. மறுநாளே நகையை மீட்க என்னால் ஆனதைச் செய்தேன். அது பரிகாரம் ஆகாது, பாடம் ஆகலாம்.

ஆகவே நான் கேட்பவை நான்கு. நிறுவனம் தரும் காரின் சலுகை மதிப்பை, எஞ்சின் அளவால் அன்றி, காரின் விலையால் கணக்கிடுக. புதுவையின் சாலை வரியை விலைக்கேற்ற விழுக்காடாக்குக. முகவரிச் சான்றை நேரில் சரிபார்க்காமல் முத்திரை இடாதே. நான்காவது நமக்கு: கழகமாயினும் கட்சியாயினும், கூட்டத்துக்குச் செய்த போக்குவரத்துச் செலவைக் கூட்டத்திலேயே படித்துக் காட்டுக. படிக்க நா கூசும் செலவைச் செய்யாதிருப்போம்.

புதுவை அருங்காட்சியகத்திலே ஒரு பழைய வண்டி இருக்கிறது, 'புஷ்புஷ்' என்பார்கள். துரை முன்னே அமர்ந்து கைப்பிடியைத் திருப்புவார். ஆள் பின்னே நின்று தள்ளுவான். போகும் திசை துரையின் விருப்பம், வியர்வை தள்ளுகிறவனுடையது. அது ஒழிந்தது என்று மகிழ்ந்தோம். ஒழிந்ததா? வரிச் சலுகையில் ஓடும் ஒவ்வொரு சொகுசுக் காரின் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாமல் கோடிக் கைகள் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று உன்னுடையது, ஒன்று என்னுடையது.

கையை எடுப்போம், தோழர்களே! தள்ளியது போதும். எல்லோரும் சேர்ந்து இழுக்க, எல்லோருக்கும் சொந்தமான தேர் ஒன்று இருக்கிறது. அதன் வடத்தைப் பிடிப்போம்.