அப்பாவுக்கு வண்டி வாங்கப் போறீங்களா? முதல்ல எடையைப் பாருங்க

கொஞ்ச வருஷமா எங்க பக்கம் ஒரு வழக்கம் வந்திருக்குதுங்க. பெங்களூர்லயும் சென்னையிலயும் வேலை பார்க்கற பசங்க, ஊர்ல தோட்டம் பார்த்துட்டு இருக்கற அப்பாவுக்குப் புது வண்டி வாங்கித் தர்றாங்க. பாசத்துல செய்யறாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா வந்து இறங்கற வண்டியைப் பார்த்தாத்தான் எனக்கு பக்குனு இருக்கு. உசரமா, அகலமா, மலை ஏறற மாதிரி ஒண்ணு. "அப்பா, உங்க வழி மேடு பள்ளமா இருக்கும், அதுக்குன்னே செஞ்ச வண்டி இது"ன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போயிடறாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஐம்பதைத் தாண்டின ஆளுக்கு, கெட்ட பாதையில ஓட்டறதுக்கு வண்டி பார்க்கும்போது சிசி, மைலேஜ் எல்லாம் பின்னாடி. கீழ விழுந்தா தனி ஆளா அதைத் தூக்கி நிறுத்த முடியுமாங்கறதுதான் முதல் கேள்வி. முடியாதுன்னா அந்த வண்டி எவ்வளவு நல்ல வண்டியா இருந்தாலும் அவருக்கு ஆகாது.

நகரத்துல இருக்கறவங்களுக்கு எங்க பாதை எப்படின்னு சொன்னாத்தான் இது புரியும். எங்க ஊர்ல தார் ரோட்டை விட்டு தோட்டத்துக்குப் போற வழிக்கு இட்டேரின்னு பேரு. ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல ஒரு மாட்டு வண்டி போற அகலம். வண்டியும் டிராக்டரும் போய்ப் போய் ரெண்டு பக்கமும் தடம் குழியா இருக்கும், நடுவுல மேடா புல்லு இருக்கும். மழை பேஞ்சா சேறு, வெயில் அடிச்சா புழுதி. அங்கங்க சரளைக்கல்லு, வேலியில இருந்து விழுந்த முள்ளு. இட்டேரி முடிஞ்சா வாய்க்கால் மேடு, அப்புறம் வரப்பு. இந்த வழியில ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை போய் வரணும். காலையில பாலை சொசைட்டிக்கு ஊத்தணும், தட்டு அறுத்துட்டு வரணும், கரண்ட் வர்ற நேரத்துல மோட்டார் போடணும். அந்த நேரம் சில நாள் நடு ராத்திரியாவும் இருக்கும்.

இந்த மாதிரி பாதையில யாரும் வேகமாப் போய் விழறதில்லை. விழறதெல்லாம் நடக்கற வேகத்துலதான். தடத்துல இருந்து மேட்டுக்கு ஏத்தும்போது முன் சக்கரம் வழுக்கும். எதிர்ல மாடு வருதுன்னு நிறுத்திக் காலை ஊனினா, காலு குழிக்குள்ள போகும். வண்டி ஒரு பக்கம் சாயும். கொஞ்சம் சாய்ஞ்ச வண்டியைக் காலை உதைச்சுப் பிடிச்சுக்கலாம். ஒரு அளவுக்கு மேல சாய்ஞ்சா பிடிக்க முடியாது. அந்த அளவு எதுங்கறது வண்டியோட எடையையும் நம்ம தொடையில இருக்கற பலத்தையும் பொறுத்தது. முப்பது வயசுல அந்தப் பலம் இருக்கும். அறுபதுல மனசு பிடிச்சுக்கலாம்னு சொல்லும், முட்டி கேட்காது.

எங்க ஊர்ல அறுபத்து மூணு வயசுக்காரர் ஒருத்தர். மகன் வாங்கிக் கொடுத்த வண்டி, 200 கிலோவை ஒட்டின எடை. ஒரு நாள் சாயங்காலம் இட்டேரியில வண்டியைத் திருப்பப் பார்த்திருக்கார். கிட்டத்தட்ட நின்ன நிலையிலதான் விழுந்தார். காலு வண்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு. போன் வண்டிப் பையில இருந்திருக்கு, கைக்கு எட்டலை. தட்டு அறுக்கப் போன அம்மா ஒருத்தர் அந்த வழியா வர்ற வரைக்கும் அப்படியே கிடந்தார். கணுக்கால் எலும்புல விரிசல். ரெண்டு மாசம் நடமாட்டம் இல்லை, பால் கறக்க ஆள் இல்லை, இருந்த ரெண்டு கறவையையும் வித்தாச்சு. இப்ப கால் தேவலைதான். மாடு திரும்பி வரலை. காலையில எந்திரிச்சா செய்யறதுக்கு வேலை இல்லாம திண்ணையில உட்கார்ந்திருக்கார். வண்டி மேலயும் குத்தம் இல்லை, மகன் மேலயும் குத்தம் இல்லை. அந்த எடையும் அந்த வயசும் அந்தப் பாதையும் ஒண்ணா சேர்ந்ததுதான் பிரச்சினை.

எடைக் கணக்கைப் பாருங்க. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டி 90 கிலோவுக்குள்ள வரும். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. காட்டு வழிக்குன்னே விக்கற ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய 160 கிலோ. ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, ஹிமாலயன் 450 ரெண்டும் 195 கிலோவை ஒட்டி வரும். எக்ஸ்எல்லுக்கும் எக்ஸ்பல்ஸுக்கும் நடுவுல 70 கிலோ. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அப்ப ஒன்றரை யூரியா மூட்டையை எந்நேரமும் வண்டியில கட்டிட்டுப் போற மாதிரி. புல்லட்டுன்னா ரெண்டு மூட்டைக்கும் மேல. காசு கொடுத்து வாங்கற எடை இது.

அடுத்தது உசரம். எக்ஸ்பல்ஸ் சீட்டு தரையில இருந்து சுமார் 825 மில்லிமீட்டர், ஸ்ப்ளெண்டர் சீட்டு 785. நாலு சென்டிமீட்டர்ல என்ன வந்துடப் போகுதுன்னு தோணும். ஷோரூம்ல தரை சமமா இருக்கும், நுனிக்கால் ஊனினாலே வண்டி நிக்கும். இட்டேரியில தடத்துக்கும் நடு மேட்டுக்கும் அரை அடி வித்தியாசம் இருக்கற இடம் உண்டு. மேட்டுல சக்கரம் இருக்கும்போது காலு பள்ளத்துல தேடணும். சமதரையிலயே நுனிக்கால்தான் எட்டுதுன்னா அங்க காலு அந்தரத்துலதான் நிக்கும். அதனால ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியணும். அதுவும் தோட்டத்துக்குப் போடற செருப்போட உட்கார்ந்து பார்க்கணும், டவுனுக்குப் போடற ஷூவோட இல்லை.

மூணாவது சுமை. விவசாயி வண்டின்னா ஆள் மட்டும் போறதில்லை. பால் கேன், புண்ணாக்கு மூட்டை, தட்டுக்கட்டு, மருந்தடிக்கற டேங்கு எல்லாம் போகணும். சுமையைப் பின் சீட்டு மேல உசரத்துல கட்டினா வண்டி சாயும்போது அது இன்னும் இழுத்துட்டுப் போகும். எக்ஸ்எல்லுல முன்னாடி கால் வைக்கற இடத்துலயே மூட்டையைத் தாழ வெச்சுக்கலாம். சுமை கீழ இருந்தா வண்டி தள்ளாடாது. நம்ம ஊர் மெக்கானிக்கு, பால்காரர், இளநீர்க்காரர் எல்லாரும் அதையே வெச்சிருக்கறதுக்கு விலை மட்டும் காரணம் இல்லை.

ஓசூர்ல 1980ல டிவிஎஸ் 50 வந்தப்ப, ரெண்டு பேர் போற மொபெட்டுன்னு வந்தது. இப்ப இருக்கற எக்ஸ்எல் 100 அதோட வம்சம்தான், 99.7 சிசி, நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். கிளட்ச் பிடிக்க வேண்டாம், கியர் மாத்த வேண்டாம். இடது கை விரல்ல வலி இருக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு வயசானாத்தான் தெரியும். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதும் இல்லை, நடுவுலயே காலை விட்டு உட்கார்ந்துக்கலாம். 16 அங்குல சக்கரம், கம்பிச் சக்கரம். நம்ம ஊர்ல மட்டும் இப்படி இல்லை. ஜப்பான்ல ஹோண்டா 1958ல கொண்டு வந்த சூப்பர் கப் வண்டியும் இதே மாதிரி நடுவுல காலை விட்டு ஏறற சின்ன வண்டிதான். 2017ல அந்த வகை வண்டி 10 கோடியைத் தாண்டிடுச்சு. அதே குடும்பத்துல வந்த சிடி110 வண்டியைத்தான் ஆஸ்திரேலியாவுல தபால்காரங்க பல வருஷம் ஓட்டினாங்க. நாள் முழுக்க புல்லுலயும் மண்ணுலயும் நின்னு நின்னு போற வேலைக்கு அவங்களும் லேசான வண்டியைத்தான் எடுத்தாங்க.

எக்ஸ்எல்லுக்கு நான் கொடி பிடிக்கறேன்னு நினைக்காதீங்க. அதுல குறையும் இருக்கு. ரெண்டு பக்கமும் டிரம் பிரேக்குதான். பைபாஸ்ல லாரி உரசிட்டுப் போறப்ப ஒதுங்கறதுக்கு வேகம் பத்தாது. குழியில இறங்கினா இடுப்புக்குத் தெரியும். உங்க அப்பா வாரத்துக்கு ரெண்டு தடவை நாப்பது அம்பது கிலோமீட்டர் மெயின் ரோட்டுல போறவர்னா ஸ்ப்ளெண்டர் மாதிரி 110, 120 கிலோவுக்குள்ள இருக்கற வண்டி சரியா இருக்கும். 18 அங்குல சக்கரம் குழியில ஏறி இறங்கும், எந்த ஊர்லயும் சாமான் கிடைக்கும். வீடு தார் ரோட்டு மேலயே இருந்து கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போறவர்னா ஸ்கூட்டர் போதும். ஆனா இட்டேரிக்கு ஸ்கூட்டர் வேண்டாம். சின்னச் சக்கரம் தடத்துக்குள்ள மாட்டினா ஹேண்டில் நம்ம பேச்சைக் கேட்காது.

பெரிய வண்டியில ஷாக் அப்சார்பர் நல்லா இருக்கு, பிரேக்கு நல்லா இருக்குன்னு பசங்க சொல்றதும் உண்மைதான். எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டி கல்லு மேல துணி மாதிரி மிதந்து போகும். ஓடிட்டு இருக்கற வரைக்கும் அதுதான் சுகம். நான் கேட்கறது நின்னா என்ன ஆகும், விழுந்தா என்ன ஆகும்னுதான். இட்டேரியில ஓடறதை விட நிக்கறதும் திருப்பறதும்தான் அதிகம்.

இன்னொரு தடங்கல் அப்பாமார்கிட்டயே இருக்கு. "மகன் ஐடியில இருக்கான், நீ இன்னும் எக்ஸ்எல்லயா போற?"ன்னு டீக்கடையில நாலு பேர் கேட்டுடுவாங்களோன்னு ஒரு கூச்சம். டீக்கடையில கேட்கறவங்க யாரும் வண்டியைத் தூக்கி விட இட்டேரிக்கு வரப் போறதில்லை.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை வெச்சுப் பாருங்க. அதே மாடல் வண்டி தெரிஞ்சவங்ககிட்ட இருந்தா கேளுங்க. வைக்கோலோ தட்டோ பரப்பி, பக்கத்துல ஒரு ஆள் நிக்க, வண்டியை மெதுவாப் படுக்க வைங்க. அப்பாவைத் தனியாத் தூக்கச் சொல்லுங்க. அதுக்கும் முறை இருக்கு. முதல்ல சாவியை அணைக்கணும். கியர் வண்டின்னா கியர்ல இருக்கணும், இல்லேன்னா சக்கரம் உருளும். எக்ஸ்எல்லுன்னா சக்கரத்துக்கு ஒரு கல்லு வைக்கணும். வலது பக்கம் விழுந்திருந்தா சைடு ஸ்டாண்டை முன்னாடியே இழுத்து விட்டுக்கணும், இல்லேன்னா தூக்கின வேகத்துல அந்தப் பக்கம் போயிடும். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தணும். ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை சீட்டுக்குக் கீழ இருக்கற கம்பியில. இடுப்பை வளைக்காம, தொடை பலத்துல, பின்னாடி சின்னச் சின்ன அடியா வெச்சு எழும்பணும். இப்படியும் எழும்பலைன்னா அந்த வண்டியை விட்டுடுங்க. வேற எந்தப் பேச்சும் வேண்டாம். முட்டி, முதுகு, இருதயம் எதுலயாவது தொந்தரவு இருக்கறவர்கிட்ட இந்தப் பரீட்சையே வேண்டாம், நேரா லேசான வண்டியே வாங்கிடுங்க.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கு. "வயசாயிடுச்சு, இனிமே வண்டியே தொடாதீங்கப்பா"ன்னு சாவியை வாங்கி வெச்சுக்கறவங்க. அதுவும் எனக்கு ஒப்பலை. எங்க ஊருக்கு பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருதுன்னு உங்களுக்கே தெரியும். வண்டி நின்னா பால் நிக்கும், தண்ணி கட்டறது நிக்கும், பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடுத்தவங்க தயவு வேணும். நல்லா இருந்த ஆளு ஆறே மாசத்துல கிழவனாகிறதை நான் கண்ணால பார்த்திருக்கேன். சட்டமே ஓட்டாதேன்னு சொல்லலை. 55 வயசுக்கு மேல லைசென்ஸை 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொல்லுது, டாக்டர் சர்டிபிகேட் கேட்குது. அதைச் சடங்குக்குக் கையெழுத்து வாங்காம நெசமாவே கண்ணையும் காதையும் பார்த்துக்கிட்டா அதுவே நல்ல காவல்.

கூடவே ரெண்டு மூணு பழக்கம். போன் சட்டைப் பையில பட்டன் போட்டு இருக்கணும், வண்டிப் பையில இல்லை. ராத்திரி மோட்டார் போடப் போனா வீட்டுல சொல்லிட்டுப் போகணும். சரளையில திரும்பும்போது முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற 125 சிசிக்குள்ள இருக்கற வண்டியில ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கற மாதிரி வருது. பழைய வண்டியில பழகினவங்க முதல் வாரம் மெதுவா ஓட்டிப் பழகிக்கணும். தோட்டத்துக்குத்தானேன்னு ஹெல்மெட்டை மாட்டாம போகக் கூடாது, கல்லு எல்லா இடத்துலயும் கல்லுதான்.

ஒரு ஹிமாலயன் விலைக்கு நாலஞ்சு எக்ஸ்எல் வாங்கலாம். ஒண்ணு வாங்கி, மிச்சப் பணத்துல இட்டேரிக்கு ரெண்டு லோடு கிராவல் அடிச்சுக் கொடுங்க. அப்பாவும் விழ மாட்டார், அந்த வழியாப் போற பத்துக் குடும்பமும் உங்க பேரைச் சொல்லும்.